ஆடுவாரும் ஆட்டுவாரும்

ஒரு வினை நிகழ்ந்தவிடத்து அதற்கு முதல்வன் யாவன் என்னும் ஆராய்ச்சி நம் நூலோர்க்குப் புதிதன்று. குடத்திற்கு மண் முதற்காரணம், திரிகையும் தண்டும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்று இளமையிலேயே மடத்துத் திண்ணையில் இருந்து நெட்டுருச் செய்தோம். இலக்கண நூலாரும், கோயிலைத் தச்சன் கட்டினான் என்புழி அவனை இயற்றுதற் கருத்தா என்றும், அரசன் கட்டினான் என்புழி அவனை ஏவுதற் கருத்தா என்றும் பிரித்து, இருவரையும் வினைமுதலாகவே கொண்டனர். பாடங் கேட்ட காலத்தில் இவை வெறுஞ் சொற்பாகுபாடு என்ற அளவில் நின்றன. ஒரு மனிதனுடைய நெஞ்சின் சுமையை இவற்றால் நிறுத்துப் பார்க்க நேருமென்று யாம் அப்போது எண்ணியதில்லை. முப்பத்தைந்தாண்டு ஆசிரியத் தொழில் புரிந்து ஓய்வு பெற்ற பின்னர், பழைய மாணாக்கர் ஒருவர் வினாவிய வினாவினால் அது நேர்ந்தது.

அவர் பெயர் ஈண்டு வேண்டா. நாகசுரக் குடியிற் பிறந்தவர். எம்பால் தமிழும், தம் தந்தையார்பால் இசையும் பயின்றவர். இப்பொழுது மத்தியதரைக் கடலிலுள்ள மால்ட்டா தீவில், ஆன்லைன் காசினோக்களுக்கு ஆட்டங்கள் இயற்றித் தரும் நிறுவனம் ஒன்றில் ஒலியமைப்பாளராக இருக்கின்றார். சென்ற ஆண்டு விடுமுறையில் எம்மைக் காண வந்திருந்தபோது, உண்டு முடித்துத் தாம்பூலம் தரித்திருந்த வேளையில், "ஐயா, நான் சூதாடுவதில்லை, யாரையும் சூதாட அழைப்பதுமில்லை. இரண்டு நொடி ஒலிக்கும் இசைத் துணுக்குகளைச் செய்து கொடுக்கிறேன். இதனால் எனக்குப் பாவம் உண்டா?" என்று கேட்டார். யாம் சிறிதும் ஆராயாது, "கத்தி அடித்த கொல்லனைக் கொலைகாரன் என்பாருண்டோ? கருவிக்குக் குற்றமில்லை, கருவி செய்தானுக்கும் இல்லை" என்று விடையிறுத்தோம். அவ்விடை அவருக்கு மகிழ்ச்சி தரவில்லை. "ஐயா அந்தக் கத்தியைப் பார்த்ததில்லை" என்று மட்டும் சொல்லி, வணங்கி எழுந்து போயினார்.

அச்சொல் பல நாள் எம்மை உறுத்திக்கொண்டிருந்தது. பாராத பொருளைப் பற்றித் தீர்ப்புக் கூறுதல் தருக்க நூல் பயின்றார்க்கு அழகன்று. எனவே அவரையே கடிதத்தாற் கேட்டும், ஆங்கிலம் வல்ல எம் மருமகப்பிள்ளையைக் கொண்டு சில நூல்களைப் படிப்பித்தும், அக்கத்தி எத்தன்மைத்து என்று அறிய முயன்றோம். அறிந்ததை முதற்கண் கூறுதும்.

அமெரிக்க நாட்டுச் சான்பிரான்சிஸ்கோ நகரில் சார்லஸ் ஃபே என்னும் பொறிவல்லார் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'லிபர்ட்டி பெல்' என்னும் சூதாட்டப் பொறியை இயற்றினார். மூன்று உருளைகள்; அவற்றின்மேல் குதிரை லாடம், சீட்டுக்குறிகள், மணி முதலிய உருவங்கள். காசை இட்டுக் கைப்பிடியை இழுத்தால் உருளைகள் சுழன்று நிற்கும். மூன்றிலும் மணி நேர்பட்டாற் பெரும்பரிசு. இவ்வகைப் பழம்பொறிகளில் ஒரு நேர்மை இருந்தது. உருளையொன்றில் இருபது நிலைகள் உளவாயின், மூன்றுருளைக்கும் 8,000 சேர்க்கைகள். பெரும்பரிசுக்குரிய குறி உருளைக்கு ஒன்றே யாயின் 8,000-த்தில் ஒன்று வாய்ப்பு. எண்ணத் தெரிந்தவன் உருளையைப் பார்த்தே தன் கேட்டினைக் கணக்கிடலாம். கண் கண்டதும் பொறி செய்ததும் ஒன்றாகவே இருந்தன.

1984-ஆம் ஆண்டு டெல்நெஸ் என்பார் பெற்ற ஒரு காப்புரிமை இவ்விரண்டனையும் பிரித்துவிட்டது. அவர் முறைப்படி, நிற்கும் நிலையை உருளை முடிவு செய்வதில்லை. உள்ளேயுள்ள கணினி ஓர் எண்ணை எழுப்பி முடிவு செய்கிறது. கண்ணுக்குத் தோன்றும் உருளையில் 22 நிலைகள் இருக்க, உள்ளே கற்பித்துக்கொண்ட உருளையில் 64 நிலைகள் இருக்கலாம். அவ்வறுபத்து நான்கனுள் பெரும்பரிசுக் குறிக்கு ஒன்றையே அளித்துவிட்டு, வெற்றிடங்களுக்குப் பலவற்றை அளிப்பர். ஆடுவோன் கண்ணுக்கு 10,648-இல் ஒன்றாகத் தோன்றும் வாய்ப்பு உண்மையில் 262,144-இல் ஒன்றாக இருக்கும். அன்றியும், பெரும்பரிசுக் குறியை அடுத்து மேலும் கீழும் உள்ள வெற்றிடங்களுக்கு மிகுதியான எண்களை அளித்தால், மணி ஒரு விரற்கடை தவறி நின்றதாகிய காட்சி அடிக்கடி தோன்றும். உண்மையில் உள்ளதினும் மிகுதியான வெற்றிவாய்ப்பு உடையதாக ஆடுவோர்க்குத் தோன்றும் பொறியே வேண்டற்பாலது என்னும் கருத்து அக்காப்புரிமைப் பத்திரத்திலேயே மறைவின்றி எழுதப்பட்டுள்ளது. இதனைப் படிப்பித்துக் கேட்டபோது யாம் இருமுறை திரும்பப் படிக்கச் சொன்னோம். மறைத்துச் செய்யுங் கள்ளத்தைக் கேட்டிருக்கிறோம்; பதிவு செய்து உரிமை பெற்ற கள்ளத்தை அன்றே கேட்டோம்.

கரீபியன் கடலிலுள்ள ஆன்டிகுவா தீவு 1994-இல் சட்டமியற்றி உரிமம் வழங்கத் தொடங்கிய பின்னர் இவ்வாட்டம் இணையத்தில் ஏறியது. இன்று கைப்பேசிக்குள் இருக்கிறது. இணையத்தில் உருளையே இல்லை. உருளையின் சித்திரமே உண்டு. ஆடுவோன் பொத்தானைத் தொட்ட மாத்திரத்தே, எங்கோ உள்ள கணினி வெற்றி தோல்வியை முடிவு செய்துவிடுகிறது. பின்னர்ச் சித்திரம் சுழல்வதும், முதலிரண்டு உருளையில் பரிசுக்குறி நின்றவிடத்து எஞ்சிய உருளை தயங்கித் தயங்கி நிற்பதும், அத்தயக்கத்திற்கேற்ப ஒலி படிப்படியாக உயர்வதும், தீர்ப்பெழுதிக் கையொப்பமிட்ட பின் நடக்கும் வழக்கு விசாரணையை ஒக்கும். சுழலும் உருளையைத் தானே நிறுத்தலாமென்று ஒரு பொத்தானும் பல ஆட்டங்களில் வைத்திருந்தனர். அதனை அழுத்தினும் அழுத்தாதொழியினும் முடிவு ஒன்றே. ஆயினும் தன் கைத்திறம் கலந்ததென்று ஆடுவோன் நம்புவான். தற்செயலாக நிகழ்வதன்மேல் தனக்கு ஆட்சியுண்டென்று மனிதர் கொள்ளும் இம்மயக்கத்தை எல்லன் லேங்கர் என்னும் உளநூற் புலவர் 1975-லேயே ஆராய்ந்து வெளியிட்டனர்.

எண்களைக் கொண்டும் மயக்குவர். ஆறு உருளைகள், ஒவ்வொன்றிலும் ஏழு வரை குறிகள் என அமைத்து, வெல்லுதற்கு 117,649 வழிகள் என்று பலகை கட்டும் ஆட்டங்கள் ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்றனால் தோன்றிப் பல்கியிருக்கின்றன. கணக்கிற் பிழையில்லை, ஏழினை ஆறுமுறை பெருக்கினால் அவ்வெண்ணே வரும். ஆனால் வழி வேறு, வாய்ப்பு வேறு. ஊருக்கு நூறு பாதை உண்டென்றால் நாம் ஊர் சேர்ந்துவிட்டோமென்று பொருளாகுமோ?

இனி எம் மாணாக்கரின் தொழிலுக்கு வருவோம். ஒரு சுழற்சிக்கு ஒரு பவுன் பந்தயம் என்று கொள்க. அதனை இருபது கோடுகளுக்குப் பகிர்ந்தால் கோட்டுக்கு 5 பென்ஸ். இருபது கோட்டில் ஒன்று மட்டும் பலித்து 20 பென்ஸ் திரும்புகிறது. போனது நூறு, வந்தது இருபது, எண்பது நட்டம். ஆயினும் அப்பொழுது விளக்குகள் மின்னும். காசு உருளும் ஓசை எழும். எம் மாணாக்கரின் இரண்டு நொடி இசை முழங்கும். தோற்றவனுக்கு வெற்றி முழக்கம். கனடா நாட்டு வாட்டர்லூ பல்கலைக்கழகத்தார் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய தோல்வியின்போது ஆடுவோர் உடம்பில் எழும் கிளர்ச்சி வெற்றியின்போது எழுவதையே ஒத்திருந்ததென்று கண்டனர். அதற்கு முந்திய ஆண்டில், ஒரு விரற்கடை தவறிய தோல்வி மூளையிற் பரிசு பெற்ற காலத்து இயங்கும் உறுப்புக்களையே இயக்குகிறதென்றும், மேலும் ஆடும் வேட்கையை வளர்க்கிறதென்றும் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் காட்டினர். ஃபெர்ஸ்டர், ஸ்கின்னர் என்னும் இருவர் 1957-இல் வெளியிட்ட பெருநூலில் புறாக்களைக் கூட்டிலிட்டு ஆராய்ந்த செய்தியுளது: எத்தனை கொத்துக்கு ஒருமுறை தீனி விழுமென்று வரையறையின்றி வைத்தால், புறா ஓய்வின்றிக் கொத்திக்கொண்டேயிருக்கும். அக்கூட்டைக் கைப்பேசியளவு சுருக்கி மனிதன் கையிற் கொடுத்தால் அஃது எவ்வாறிருக்கும் என்பதை அன்பர்களே எண்ணிக்கொள்க.

கத்தி இத்தன்மைத்து. இப்பொழுது கொல்லனைப் பற்றி ஆராயலாம்.

அத்தொழிலார் கூறும் முதல் விடை நேர்மை பற்றியது. "எங்கள் கவறு கோணலற்றது. எண்ணெழுப்பும் கணினியைத் தனிச் சோதனைக் கூடங்கள் சோதித்துச் சான்று தருகின்றன. நூறு பவுன் பந்தயத்திற்கு நெடுங்கணக்கில் 96 பவுன் திரும்பும் என்றால் அவ்வாறே திரும்பும், அதனை விதிப்பக்கத்தில் எழுதியும் வைக்கிறோம்" என்பர். இது பெரும்பாலும் மெய்யே. உரிமம் பெற்ற ஆட்டங்களில் எண் பொய்ப்பதில்லை. ஒரே ஆட்டத்தை வெவ்வேறு விழுக்காட்டில் அமைத்துக் காசினோக்காரர் விருப்பப்படி விற்பதும் உண்டெனினும், எழுதியது எழுதியபடி நடக்கிறது. நம் பண்டை அர்த்தசாத்திரமும் சூதாட்டத்திற்கு ஓர் அதிகாரியை வகுத்து, அவனே கவறு வழங்கவும், கவற்றை மாற்றுவாரை ஒறுக்கவும், வென்ற பொருளில் நூற்றுக்கு ஐந்து கொள்ளவும் விதித்தது. ஐந்தினும் நான்கு சிறிதன்றோ என்று வாதிப்பாரும் உளர்.

நான்கு எத்தனை முறை என்பதன்றோ வினா! யாமும் இளமையிற் குற்றமற்றவரல்லேம். தமிழக அரசு பரிசுச்சீட்டு 1968-இல் தோன்றி 2003-இல் ஒழியும்வரை நடந்தகாலை, சம்பள நாளில் ஒரு சீட்டு வாங்கி ஏட்டினுள் வைத்ததுண்டு. வாங்கிய நாளுக்கும் குலுக்கல் நாளுக்கும் இடையே பல நாள் இருந்தது. அதனுள் சீட்டையே மறந்து போவோம். அறிவு தன் நிலைக்கு மீள இடமிருந்தது. இணைய ஆட்டத்தில் இரண்டரை நொடிக்கு ஒரு சுழற்சி என்று வைத்தாலும் நிமிடத்திற்கு 24. ஒரு மணி நேரத்திற்கு 1,440. பவுன் வீதம் ஆடுவோன் ஒரு மணியில் 1,440 பவுன் பந்தயம் வைக்கிறான். நூற்றுக்கு நான்கு போனால் 57 பவுன் 60 பென்ஸ். கையில் 50 பவுனோடு வந்தவனும், திரும்பியதையே மீட்டும் மீட்டும் வைத்தலால், ஆயிரத்தைக் கடந்து வைத்தவனாகிறான். விழுக்காடு பொய்யன்று. ஆயினும் 96 திரும்பும் என்று கேட்டவன், கொண்டுவந்த நூற்றில் 96-ஐக் கொண்டுபோவோம் என்றன்றோ எண்ணுவான்?

ஈண்டு இலக்கணம் எமக்கு உதவிற்று. பொருளை உணர்த்துஞ் சொல் வெளிப்படை என்றும் குறிப்பு என்றும் இருதிறப்படும். வெளிப்படையாகச் சொல்லாததைக் குறிப்பாற் சொல்லலாம் என்பது உடன்பாடாயின், வெளிப்படையாகச் சொல்லாத பொய்யைக் குறிப்பாற் சொல்லலாம் என்பதும் உடன்பாடே. விதிப்பக்கத்து எழுத்து வெளிப்படை. அது மெய் கூறுகிறது. மின்னும் விளக்கும் முழங்கும் இசையும் குறிப்பு. அவை 'வென்றாய்' என்கின்றன. எழுத்து அறிவை நோக்கிப் பேசுகிறது. இசை நெஞ்சை நோக்கிப் பேசுகிறது. எந்தப் பேச்சு ஆடுவோனைப் போய்ச் சேரும் என்பது அவ்விரண்டனையும் இயற்றினார்க்கு நன்கு தெரியும். நாவினாற் பொய்யாது விளக்கினாலும் இசையினாலும் பொய்ப்பின், அஃது எவ்வாறு மெய்யாகும்?

இக்கருத்தை எழுதி அனுப்பியபோது மாணாக்கர் விடாது ஒரு தடை நிகழ்த்தினார். அஃது அறிவுடைய தடை. "ஐயா, எல்லாக் கலையும் மனத்தை ஆட்டுவிப்பதுதானே? நாடகத்தில் இல்லாத ஒருவனுக்காக அழுகிறோம். என் தகப்பனார் நாகசுரத்தால் கூட்டத்தையே ஆட்டுவித்தார். நான் செய்வது மட்டும் எப்படிப் பொய்?" என்றார். இதற்கு விடை எமக்கு உடனே தோன்றவில்லை. ஒரு மாதம் சென்று, எங்களூர்த் திருவிழாவில் வீதியோரம் நின்றிருந்தபோது விடை வந்தது. கோபுர வாயிலில் மல்லாரி முழங்கியது. நின்றார் அனைவரும் கைகூப்பினர். சுவாமி புறப்பட்டு எழுந்தருளினார். மல்லாரி கேட்டால் உடல் சிலிர்க்கிறது, அச்சிலிர்ப்பு வீண்போவதில்லை, ஒலி அறிவித்தது நிகழ்கிறது. புறப்பாடு இல்லாத நாளில், வெறுந் தெருவில், கூட்டம் கலையாதிருத்தற் பொருட்டு நாழிகைக்கு நூறுமுறை மல்லாரி வாசித்திருப்பாரோ அவர் தந்தையார்? நாடகம் காண்பான் அது நாடகமென்று அறிந்தே அழுகிறான். திரை வீழ்ந்ததும் எழுந்து வீடு செல்கிறான். அவன் எழாதிருத்தலே நாடகத்தின் நோக்கமாயின் அதனையும் இவ்வாட்டத்தோடு சேர்த்தெண்ணத் தடையில்லை. இதனை எழுதியதற்கு அவரிடமிருந்து நெடுநாள் விடை வரவில்லை.

இரண்டாவதாக அத்தொழிலார் கூறுவது உடன்பாடு பற்றியது: "வயது வந்தவன் தானே விரும்பி ஆடுகிறான், யாம் அவன் கையைப் பிடித்து இழுக்கவில்லை." இதனுள்ளும் ஒரு மெய்யுண்டு; அதனை மறைத்தல் தகாது. மண்ணுக்கு இச்சையில்லை, மனிதனுக்கு உண்டு. திருக்குறளின் 94-ஆம் அதிகாரமாகிய சூது பத்துப் பாட்டானும் ஆடுவானையே நோக்கிப் பேசுகிறது. கவறு செதுக்கினானை நோக்கி ஒரு சொல்லும் இல்லை. தருமன் எதிரே சகுனி இருந்தான். தருமன் அவன் முகத்தைக் கண்டும் ஆடினான். ஆதலின் அவன் குற்றம் அவனதே. நூலோர் ஆடுவானை விடுவிக்கவில்லை, யாமும் விடுவியோம்.

ஆயின் அக்காலத்துக் கவறு ஆடுவான் மனத்தை ஆராய்ந்து செதுக்கப்பட்டதன்று. எலும்பும் மரமும் உருண்டன, அவ்வளவே. இக்காலத்துக் கவறோ ஆடுவானையே முதற்பொருளாகக் கொண்டு இயற்றப்படுகிறது. அவன் எவ்விடத்திற் சலிப்பான், எவ்விடத்தில் எழுந்துபோவான் என்று கணக்கெடுத்து, அவ்விடத்திலெல்லாம் ஒரு சிறு பரிசோ ஒலியோ வைத்து இடைவெளியை அடைக்கின்றனர். உயிர் தான் சார்ந்ததன் வண்ணமாம் என்பது நம் சித்தாந்தம். பளிங்கின்கண் தோன்றும் செம்மை பளிங்கினது அன்று என்று அறிவோம். அதனருகே சிவந்த பொருளை வேண்டுமென்றே கொணர்ந்து வைத்து, 'பளிங்கு தானே சிவந்தது, யாம் என் செய்வோம்' என்பானை எவ்வாறு கொள்வது? உடன்பாடு என்பது தானறிந்த பொருளுக்கு உடன்படுதல். அறிவையே திரித்துவிட்டுப் பெற்ற உடன்பாடு, கள்ளுண்டான் இட்ட கைந்நாட்டை ஒக்கும்.

நடாஷா டவ் ஷூல் என்னும் மானிடவியற் புலமையாளர் அமெரிக்க நாட்டு லாஸ் வேகஸ் நகரிற் பல்லாண்டு ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட நூலிற் கூறும் ஒரு செய்தி எம்மைத் துயில்கொள்ள விடவில்லை. பொறியின்முன் நெடுநேரம் இருப்போர் பலர் பொருளின் பொருட்டு ஆடுவதில்லையாம். ஆடிக்கொண்டேயிருக்கையில் காலம் மறைகிறது, இடம் மறைகிறது, தானும் மறைகிறது, அந்நிலைக்காகவே ஆடுகின்றனராம். பெரும்பரிசு விழுந்தால் அந்நிலை கலைகிறதே என்று சினப்பாரும் உண்டாம். தன்னை மறத்தலை எத்துணை உயர்வாகப் பாராட்டுவோர் நாம்! ஆயினும் தன்னை மறத்தல் தன்னளவில் ஒரு நன்மையன்று என்பதை நம் ஆசிரியர்கள் நன்குணர்ந்தே, உயிருக்குக் கேவலம், சகலம், சுத்தம் என மூன்று நிலை வகுத்தனர். அறிவும் இச்சையும் செயலும் அடங்கி இருளோடு இருளாய்க் கிடக்குங் கேவலமும் ஓர் அமைதிபோலவே தோன்றும். இப்பொறி தரும் மறதி கருவி கரணங்களைக் கொண்டே கேவலத்துக்குத் திரும்பும் வழி. இதனை யாம் உவமையளவிற் கூறினோம். சாத்திரப் பொருளை நீட்டியதாகக் கொள்ளற்க.

மூன்றாவதொரு விடையும் உண்டு. எம் மாணாக்கரின் உண்மை விடை அதுவே என்று கருதுகிறோம். கணக்கு வகுப்பான் ஒருவன், சித்திரம் எழுதுவான் ஒருவன், நிரல் எழுதுவான் ஒருவன், இசை அமைப்பான் ஒருவன், அதனை வாங்கிக் காசினோவில் இடுவான் ஒருவன், உரிமம் வழங்குவது ஓர் அரசு. ஒவ்வொருவரும் தம் கையைப் பார்க்கின்றனர். கை தூயதாகவே தோன்றுகிறது. பொருளைப் பத்துப்பேர் பங்கிட்டால் பங்கு குறையும். பழியும் அவ்வாறு குறையுமோ? செய்தானும், செய்வித்தானும், உடன்பட்டானும் என மூவரையும் எண்ணியவர்கள், வினையை மூன்றாகக் கூறிட்டு ஆளுக்கு ஒரு கூறு என்று சொல்லவில்லை. தச்சனும் அரசனும் ஒருங்கே கருத்தாவாதல் போல ஒவ்வொருவனும் தானறிந்த அளவிற்கு முழுமுதல்வனே. 'தானறிந்த அளவிற்கு' என்றதனைக் கடைப்பிடிக்க. அறியாது சித்திரம் எழுதியவனும், அறிந்து எழுதியவனும் ஒருவரல்லர். கத்தி அடித்த கொல்லன், அது காய் நறுக்குமோ கழுத்தறுக்குமோ அறியான். ஆகலின் அவனுக்குக் குற்றமில்லை என்றது பொருந்தும். இவ்வாட்டம் இயற்றுவார்க்கோ அதன் பயன் இரண்டல்ல, ஒன்றே. அதுவே அளந்து பார்த்து இயற்றப்படுகிறது. எம் முதல்விடை பிழைபட்டது இவ்விடத்து என்க.

இது வெறும் நூலறிவினர் கூற்றென்று தள்ளுவார்க்கு அரசுகளின் சட்டமே சான்றாகும். பிரிட்டனின் சூதாட்ட ஆணையம், 2021 அக்டோபர் 31 முதல், இணைய ஸ்லாட் ஆட்டங்களில் ஒரு சுழற்சி இரண்டரை நொடிக்குக் குறையலாகாது என்றும், பந்தயத்தினும் மிகாத தொகை திரும்பியவிடத்து வெற்றிக்குரிய ஒலியும் காட்சியும் காட்டலாகாது என்றும், கைத்திறம் உண்டென மயக்கும் பொத்தான்கள் கூடாவென்றும், தானே சுழன்றுகொண்டிருக்கும் அமைப்பு ஒழிக என்றும் விதித்தது. ஒரு தோல்வியை நீக்கி, கிட்டத்தட்ட வென்றதுபோன்ற மற்றொரு தோல்வியை வேண்டுமென்றே காட்டுதலும் அந்நாட்டு விதிகளில் விலக்கப்பட்டதே. 2025 ஏப்ரல் முதல் ஒரு சுழற்சிக்கு 5 பவுனுக்கு மேலும், மே முதல் 18 வயதினர் தொடங்கி 24 வயதினர் வரை 2 பவுனுக்கு மேலும் பந்தயம் வைத்தல் தடுக்கப்பட்டது. ஜெர்மனியோ 2021 முதல் ஒரு யூரோ, ஐந்து நொடி என்று இன்னும் இறுக்கியது. விதித்தவர் துறவிகளல்லர், சூதாட்டத்தால் வரி பெறும் அரசினர். எது ஆட்டம், எது ஆட்டுவித்தல் என்று அவர்க்கும் ஓரளவு தோன்றிவிட்டது. இவ்விதிகளால் அத்தொழில் அழியவில்லை; நடந்துகொண்டே இருக்கிறது. ஆகவே அவ்வொலி ஆட்டத்திற்கு இன்றியமையாத உறுப்பு என்று சொல்லவும் வழியில்லை.

இவ்விதிகளைப் பற்றி வினவி எழுதியபோதுதான் மாணாக்கரிடமிருந்து நீண்ட கடிதம் வந்தது. அதில் மல்லாரியைப் பற்றி ஒன்றுமில்லை. வேறொன்று எழுதியிருந்தார். தாம் ஒவ்வோர் ஆட்டத்திற்கும் இரண்டு படிகள் செய்வதாகவும், பிரிட்டனுக்குச் செல்லும் படியில் இருபது பென்ஸ் திரும்பினால் ஒலி எழாதென்றும், அத்தகைய விதியில்லாத நாடுகளுக்குச் செல்லும் படியில் பழைய முழக்கம் அப்படியே இருக்குமென்றும் எழுதியிருந்தார். "இரண்டு கோப்புகளையும் ஒரே நாளில் அனுப்புகிறேன் ஐயா. ஒன்றில் அந்த ஒலி இருக்கும், மற்றதில் இருக்காது. இவ்வளவு நாள் இதை நான் ஒரு சில்லறை வேலையாக மட்டுமே நினைத்திருந்தேன்."

அவருக்கு ஊரில் வீட்டுக்கடன் உண்டு. தங்கைக்கு மணம் முடிக்க வேண்டும். தந்தையார் இப்போது வாசிப்பதில்லை. வேலையை விடுக என்று யாம் எழுதவில்லை. அரசுச் சம்பளமும் பின்னர் ஓய்வூதியமும் பெற்றுத் திண்ணையில் இருப்பானொருவன் அதனை எளிதில் எழுதலாகாது. கத்தியைப் பற்றிய எம் விடையை மட்டும் திரும்பப் பெற்றுக்கொண்டோம் என்று எழுதினோம். அவர் இன்னும் அந்நிறுவனத்திலேயே இருக்கின்றார். ஒலியில்லாத படியையே எல்லா நாட்டிற்கும் அனுப்பலாமா என்று தம் தலைவரிடம் கேட்டிருப்பதாகக் கடைசிக் கடிதத்திற் கண்டது. விடை இன்னும் வந்திலது.